அட்டையின் கீழ் விளிம்பு

பெர்லின்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வாழ்நாள் முழுவதும் அஞ்சல்தலை சேர்த்தவனாகிய நீ, யாரென்றே தெரியாத நடிகைகளின் படங்களுக்குக் காசைச் செலவழிக்கிறாயாமே என்று என்னைக் கேலி செய்திருப்பதால், என்னிடம் சேர்ந்துவரும் ஜெர்மன் மௌனப்பட அஞ்சலட்டைகளைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டியதாயிற்று. அந்த முகங்கள் அழகானவைதாம். ஆனால் சந்தையில் ஓர் அட்டையைக் கையில் எடுத்ததும் என் கண் முதலில் போவது அதன் கீழ் விளிம்புக்கு. பதிப்பகம், வரிசை எண், படமெடுத்த நிலையம், சில சமயம் திரைப்பட நிறுவனம் ஆகியவற்றை அங்கே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

இவற்றில் பல, அச்சு மையால் அடித்தவை அல்ல, உண்மையான ஒளிப்படங்கள் என்பதை நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளி புரோமைடு பூசிய நீண்ட தாள்சுருளை எந்திரத்தில் ஓடவிட்டு, ஒளி காட்டி, கழுவி, உலர்த்தி, ஏறக்குறைய 9க்கு 14 சென்டிமீட்டர் அளவில் வெட்டி எடுத்தார்கள். 1894இல் தொடங்கப்பட்ட நோயே ஃபோட்டோகிராஃபிஷே கெசெல்ஷாஃப்ட் என்ற பெர்லின் நிறுவனம் இந்த முறையைப் பெருந்தொழிலாக வளர்த்தது. தாள் ஓடிய நீளத்தை வைத்து அதற்குக் கிலோமீட்டர் ஒளிப்படம் என்றே பெயர். நடிகை ஹென்னி போர்ட்டனின் மேலங்கியில் உள்ள மயிர்க்கற்றையை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் அச்சுப் புள்ளிகள் தெரியாது, மயிர்தான் தெரியும். அக்காலத்துப் படச்சுருள் சிவப்பை உணராது என்பதால், சிவப்புச் சாயம் பூசிய உதடுகள் கறுப்பாக விழுந்திருக்கும். அந்தக் கறுத்த உதட்டைக் கண்டு சோக நடிப்பு என்று உருகுபவர்களும் உண்டு. பாதிச் சோகம் வேதியியலின் கைவேலை.

முதல் உலகப் போரின்போது ரோட்டோஃபோட் என்ற நிறுவனம் ‘ஃபில்ம் ஷ்டெர்னெ’, அதாவது திரை நட்சத்திரங்கள், என்ற வரிசையை வெளியிட்டது. ஃபோட்டோகெமி என்ற நிறுவனமும் எண்ணுக்கு முன்னால் ‘கே’ எழுத்தை இட்டு இத்தகைய அட்டைகளைக் கொண்டுவந்தது. ஆனால் இருபதுகளில் இந்தத் தொழிலையே தன் பெயராக்கிக்கொண்டவர் ஹைன்ரிஷ் ரோஸ். 1870இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த அவருடைய பதிப்பகம், ஆஸ்தா நீல்சன், போலா நேக்ரி, கொன்ராட் ஃபைட், லில் டாகோவர், வில்லி ஃபிரிட்ஷ் என அந்நாளைய நட்சத்திரங்கள் அனைவரையும் அட்டையாக்கி விற்றது. நீல்சன் டென்மார்க்கைச் சேர்ந்தவர், நேக்ரி போலந்துக்காரர். படம் பேசாத காலத்தில் உச்சரிப்பு யாருக்கும் தடையாக இருக்கவில்லை.

ரோஸ் அட்டைகளில் ஆண்டு அச்சிடப்பட்டிருக்காது. எண் மட்டுமே இருக்கும். அந்த எண்ணின் நடுவே உள்ள சாய்கோட்டுக்கு முன்னால் வருவது வரிசை எண், பின்னால் வருவது ஒரே நட்சத்திரத்தின் அடுத்தடுத்த படங்களைக் குறிப்பது. அஞ்சலில் போய்வந்த அட்டைகளின் முத்திரைத் தேதிகளை எண் வரிசைப்படி ஒரு நோட்டில் குறித்துவந்தால், எழுதப்படாத அட்டை எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதை இருபக்கத்து எண்களையும் வைத்து ஊகிக்கலாம். முத்திரை என்பது அட்டை அனுப்பப்பட்ட நாளே தவிர அச்சான நாள் ஆகாது; பெண்கள் பலர் வாங்கிய அட்டையை ஆண்டுக்கணக்கில் ஆல்பத்தில் செருகி வைத்திருந்துவிட்டுப் பிறகு தங்கைக்கு எழுதியிருக்கிறார்கள். எனவே ஒரே எண்ணுக்கு அருகில் கிடைக்கும் மிகப் பழைய முத்திரையைத்தான் நான் நம்புவேன்.

நான்கு இலக்கங்கள் தீர்ந்தபின், முப்பதுகளின் பிற்பகுதியில், எண்ணுக்கு முன் ‘ஏ’ எழுத்தைச் சேர்த்து எண்களைத் தொடர்ந்தார்கள். நாஜி ஆட்சியில், 1937இல், ரோஸ் தம் பதிப்பகத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். பின்னர் அமெரிக்கா சென்று 1957இல் சிகாகோவில் இறந்தார். ஆனால் அவரைத் துரத்தியவர்கள் ‘ரோஸ்’ என்ற பெயரை மட்டும் அட்டையிலிருந்து உடனே எடுக்கவில்லை. விற்பனையாகும் பெயரை விட மனமில்லாமல் சில ஆண்டுகள் அதையே அச்சிட்டார்கள். அதன் பின்னரே ஃபில்ம்-ஃபோட்டோ-ஃபெர்லாக் என்ற பெயர் வந்தது. இந்த ‘ஏ’ அட்டைகளைப் பொதுவாகச் சேகரிப்பாளர்கள் மதிப்பதில்லை, விலையும் மலிவு. மௌனப்படக் காலம் முடிந்து வந்தவைதாம் என்றாலும், என் பெட்டியில் அவற்றுக்குத் தனி அறை வைத்திருக்கிறேன். சிரிக்கும் நடிகையின் காலடியில் உரிமையாளரை இழந்த பெயர் ஒன்று அச்சாகியிருப்பதை, எந்த வரலாற்று நூலைவிடவும் அந்த அட்டை எனக்கு நேராகக் காட்டுகிறது.

படமெடுத்தவர்களின் பெயர்களும் அங்கேதான் கிடைக்கின்றன. அலெக்ஸாண்டர் பிண்டர், பெக்கர் உண்ட் மாஸ், சூஸெ பிக் என்று படித்துக்கொண்டே போகலாம். பிண்டர் 1929இல் இறந்துவிட்டார். அவருடைய நிலையம் அவர் பெயரிலேயே தொடர்ந்து படமெடுத்தது. ஆகவே ‘பிண்டர்’ என்று பார்த்தவுடன் அவர் கையால் எடுத்தது என்று விலையை ஏற்றும் வியாபாரிகளை நான் புன்னகையோடு கடந்துவிடுவேன்.

நம் நாட்டோடு தொடர்புள்ள ஒன்றைக் கேட்டாய். யோ மாய் இயக்கி 1921இல் வெளிவந்த ‘டாஸ் இண்டிஷே கிராப்மால்’, அதாவது இந்தியக் கல்லறை, படத்தில் கொன்ராட் ஃபைட் மகாராஜாவாக நடித்தார். அந்த இந்தியா முழுவதும் பெர்லினுக்கு அருகில் உள்ள வோல்டர்ஸ்டோர்ஃபில் கட்டப்பட்டது. தலைப்பாகையில் ஃபைட் கம்பீரமாகவே இருக்கிறார். ஆனால் அது எந்த ஊர்த் தலைப்பாகை என்று என்னைக் கேட்காதே. 1933இல் தம் யூத மனைவியோடு ஜெர்மனியை விட்டுப் புறப்பட்ட அவருக்காகவே அவருடைய அட்டைகளை நான் விடாமல் வாங்குகிறேன்.

நீயும் தொடங்க எண்ணினால் போலிகளைப் பற்றி ஒரு சொல். ஒளிப்படத் தாளை வெளுப்பாக்கும் சாயங்கள் இருபதுகளில் கிடையாது. புற ஊதா விளக்கின் கீழ் அட்டை நீலமாக ஒளிர்ந்தால் அது பிற்காலப் பிரதி. கறுத்த பகுதிகளின் ஓரத்தில் வெள்ளி பூத்து மினுங்கினால் பெரும்பாலும் நல்ல அறிகுறி. கையொப்பத்தைச் சாய்த்துப் பார். மை மேலே படிந்திருக்கிறதா, படத்தோடு சேர்ந்தே அச்சானதா என்பது தெரியும். பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் உறையில் மட்டும் எதையும் வைக்காதே.

இத்துடன் என்னிடம் இரண்டாகச் சேர்ந்துவிட்ட நடிகை ஓஸி ஓஸ்வால்டாவின் அட்டை ஒன்றை அனுப்புகிறேன். 1923இன் பணவீக்கக் காலத்தில் அஞ்சலில் போனது அது. பழைய அஞ்சல்தலைகளின் மீது புதிய மதிப்பை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஆண்டு இறுதியில் 5,000 கோடி மார்க் தலைகூட வந்தது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முத்திரையில் உள்ள ஊர்ப்பெயர் பாதி அழிந்திருக்கிறது; உன் கண்ணுக்குப் பிடிபட்டால் எனக்கு எழுது. தயவுசெய்து அஞ்சல்தலையை மட்டும் தனியே எடுக்க அட்டையை நீரில் ஊறவைத்துவிடாதே. முன்பக்கத்தில் படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு உப்பி ஓஸியின் முகம் போய்விடும்.

அன்புடன்,
உன் நண்பன்