நெஞ்சுவலி நோயாளிகளிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளின் முடிவை அவர்களுக்கே தமிழில் தெரிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
இருதய நோயாளி ஒருவரின் மகன்,
உத்தமபாளையம் வட்டம், தேனி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககம்,
கீழ்ப்பாக்கம், சென்னை.

பொருள்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருதய நோயாளிகளைச் சேர்த்து நடத்தும் ஆய்வுகளில், சம்மதம் பெறும் முறை மற்றும் முடிவைத் தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் அப்பாவுக்கு 68 வயது. கம்பம் பள்ளத்தாக்கில் நாற்பது வருடம் திராட்சைப் பந்தலில் வேலை பார்த்தவர். நாள் முழுக்க அண்ணாந்து, இரண்டு கையையும் தூக்கியபடியே கவாத்து வெட்ட வேண்டிய வேலை. கையைத் தூக்கினால் நெஞ்சை இறுக்குகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். சற்று உட்கார்ந்தால் விட்டுவிடும். ஒரு நாள் ராத்திரி படுத்திருக்கும்போதே வந்தது. வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தார். விடியற்காலை மறுபடி வந்தது.

மருத்துவமனையில் எடுத்த ஈசிஜியில் பெரிய மாற்றம் இல்லை, இருதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனினும் ஏறவில்லை. ஆனாலும் அன்றைக்கு இருந்த டாக்டர் வீட்டுக்கு அனுப்பவில்லை. 'அன்ஸ்டேபிள் ஆஞ்சைனா (இருதயத்துக்கு ரத்தம் சரியாகப் போகாமல், சும்மா இருக்கும்போதும் வரும் நெஞ்சுவலி), இதை விட்டால் அடுத்தது மாரடைப்புதான்' என்று சொல்லி உடனே சேர்த்துக்கொண்டார். அவருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. இந்த மனு யார் மீதும் புகார் அல்ல என்பதால் மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை.

மூன்றாம் நாள், ஒரு புது மாத்திரைக்கான ஆய்வில் சேரச் சம்மதமா என்று கேட்டார்கள். படிவம் தமிழில்தான் இருந்தது. அதில் ஒரு வரி: 'நீங்கள் சீரற்ற முறையில் ஒரு குழுவுக்கு ஒதுக்கப்படுவீர்கள்.' அப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்து, "என்னைய ஒதுக்கிருவாங்களாடா?" என்றார். கையில் ஊசி குத்தியிருக்கிறது, மறுபடி வலி வந்துவிடுமோ என்ற பயம் கண்ணில் இருக்கிறது. பக்கத்தில் நின்ற நர்ஸம்மா சொன்னார்: "சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரிங்கய்யா. சிலருக்குப் புது மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. உங்களுக்கு எது வந்ததுன்னு எங்களுக்கே தெரியாது. வழக்கமான மாத்திரையெல்லாம் ரெண்டு பேருக்கும் உண்டு." அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது, கையெழுத்துப் போட்டார். அந்த நர்ஸம்மா பேசிய தமிழில் படிவம் இருந்திருக்கக் கூடாதா?

அடுத்த இரண்டு வருடம் அப்பா ஒரு மாத்திரையும் தவறவிடவில்லை. டப்பாவில் மருந்தின் பெயர் கிடையாது, எண் மட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மீதி மாத்திரையை எண்ணிக் கொடுக்க வேண்டும் என்பதால் டப்பாவைத் துண்டில் முடிந்து எடுத்துப் போவார். அன்றைக்குக் கூலி போய்விடும். கடைசியில் "ஆய்வு முடிந்தது, இனி வர வேண்டாம்" என்றார்கள், அவ்வளவுதான். அந்த மருந்து பலன் தந்ததா, அப்பா சாப்பிட்டது மருந்தா வெறும் மாத்திரையா என்று இன்று வரை ஒரு கடிதமும் வரவில்லை.

நான் பதினான்கு வருடமாக மருந்தாளுநர். இந்த ஆய்வுகளின் அருமை எனக்குத் தெரியும். 1983ல் அமெரிக்காவில், இதே நோய் இருந்த 1,266 முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வுதான் ஆஸ்பிரின் மாரடைப்பையும் சாவையும் ஏறக்குறைய பாதியாகக் குறைப்பதைக் காட்டியது. 2001ல் 28 நாடுகளைச் சேர்ந்த 12,562 நோயாளிகள் சேர்ந்ததால்தான், ஆஸ்பிரினுடன், அதைப் போலவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரலும் கொடுத்தால் இருதயச் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்த அளவு 11.4 சதவீதத்திலிருந்து 9.3 ஆக இறங்கும் என்பது தெரியவந்தது. ரத்தக்கசிவு கூடும் என்பதும் அதே ஆய்வில்தான் தெரிந்தது. அப்பா இன்று போடும் இரண்டு மாத்திரையும் முகம் தெரியாத அந்த ஆட்கள் கொடுத்தவை. நம் நாட்டிலேயே 50 நகரங்களின் 89 மருத்துவமனைகளில் மாரடைப்பு, அன்ஸ்டேபிள் ஆஞ்சைனா நோயாளிகள் 20,468 பேரைப் பதிவு செய்து 2008ல் வெளியான ஆய்வில், முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் வசதியுள்ளவர்களில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். நம் மக்களை வைத்து ஆய்வு நடக்காவிட்டால் இது வெளியே வந்திருக்காது. ஆகவே ஆய்வுகள் நிற்க வேண்டும் என்று நான் ஒருபோதும் கேட்க மாட்டேன். எங்கள் ஊரிலிருந்து இன்னும் பத்துப் பேர் சேர வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். ஆனால் ஊரில், "எலிக்குப் போட்டுப் பாக்கிற மாதிரி உங்கப்பாவுக்குப் போட்டுப் பாத்தாங்களா?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல என் கையில் ஒரு தாள்கூட இல்லை.

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளில், ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஆய்வின் பொதுவான முடிவை அறியும் வாய்ப்பைப் பங்கேற்றவர்களுக்குத் தர வேண்டும் என்கிறது, மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளுக்காக உலக மருத்துவச் சங்கம் வகுத்த ஹெல்சிங்கி பிரகடனம். எங்கள் வரை அது வந்து சேரவில்லை.

எனவே தங்கள் இயக்ககத்தின் கீழுள்ள கல்லூரிகளின் நெறிமுறைக் குழுக்கள் எந்த இருதய ஆய்வுக்கும் அனுமதி தரும்போதே, அது முடிந்ததும் பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் முடிவை ஒரு பக்கத் தமிழ்க் கடிதமாக அனுப்ப வேண்டும் என்பதை நிபந்தனையாக்க உத்தரவிட வேண்டுகிறேன். தனக்குக் கிடைத்தது எது என்று கேட்பவருக்கு அதையும் சொல்ல வேண்டும். சம்மதப் படிவத்தை அச்சுக்கு அனுப்பும் முன், படிப்பு அதிகம் இல்லாத நான்கு நோயாளிகளிடம் வாசித்துக் காட்டி, புரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வலி அடங்கி, வீட்டு ஆட்களோடு ஓர் இரவாவது பேசிய பிறகு கையெழுத்து வாங்கினால் போதும் என்ற வகை ஆய்வுகளில் அப்படியே செய்யட்டும். பஸ் கட்டணத்தோடு அன்றைய கூலியையும் ஆய்வு நடத்துபவர்கள் தர வேண்டும். நடக்கும் ஆய்வுகளின் விவரம் மத்திய அரசின் பதிவேட்டு இணையதளத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்தந்த மருத்துவமனையில் நடப்பதை மட்டுமாவது இருதயப் பிரிவு ஓபி சுவரில் தமிழில் ஒட்டலாம்.

அப்பா அந்தக் கடைசி டப்பாவின் எண்ணைக் காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி வைத்திருக்கிறார். ஆய்வு நடத்தியவர்களிடம் கேட்டு அவருக்கு ஒரு பதில் பெற்றுத் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: சம்மதப் படிவத்தின் நகல், டிஸ்சார்ஜ் சீட்டு நகல்.