அந்த ஒரு வரியை எழுதும் முன்: பத்திர எழுத்தர்களுக்கு ஒரு மடல்

பத்திர எழுத்தர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சார்பதிவாளர் அலுவலக வாசலில், ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில், மேசையும் கம்ப்யூட்டரும் போட்டு உட்கார்ந்திருக்கும் உங்களிடம்தான் எங்களைப் போன்ற குடும்பங்கள் உயில் எழுத வருகின்றன. எங்கள் ஊரில் இதற்காக வக்கீலைத் தேடிப் போனவர்களை நான் பார்த்ததில்லை. அதனால்தான் அரசுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் அப்பா 2011-ல் உயில் எழுதினார். நான்கு பக்கம். வீட்டின் நான்கு எல்லைகள், சர்வே எண், கிணற்றில் எங்களுக்குள்ள பாதிப் பங்கு, மோட்டார் ஓட்டும் முறை எல்லாம் அதில் இருக்கின்றன. கிணற்றுக்கு மட்டும் ஆறு வரி. என் தம்பிக்கு ஒரே ஒரு வரி: "மேற்படி சொத்தை அடையும் எனது மூத்த மகன், புத்தி சுவாதீனமில்லாத எனது இளைய மகனை அவனது ஆயுள்வரை வைத்துப் பராமரித்து வர வேண்டியது."

தம்பிக்கு அப்போது 31 வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. தெருமுனைக் கடைக்குப் போய் பால் பாக்கெட் வாங்கி வருவான்; மீதிச் சில்லறையை எண்ணத் தெரியாது. காபியை டவராவோடு கொடுத்தால்தான் குடிப்பான். வெறும் டம்ளரில் கொடுத்தால் ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அண்ணன் நல்லவர். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு ஏழு வருடம் தம்பிக்கு அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. தொழிலுக்காக வீட்டின் மேல் கடன் வாங்கியிருந்தார். 2021-ல் மாரடைப்பில் போய்விட்டார். வீடு கடனோடு சேர்ந்து அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் போனது. அண்ணிக்கு இரண்டு பெண்கள், படிக்கிற வயது. வீட்டை விற்றுக் கடனை அடைத்தார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். தம்பி ஒரு துணிப் பையோடும் மாத்திரை டப்பாவோடும் என் வீட்டுக்கு வந்தான். யாரும் யாரையும் ஏமாற்றாத குடும்பத்திலேயே இப்படி நடந்தது.

அப்புறம்தான் ஒன்று தெரியவந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ல் 28-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நோயோ உடற்குறையோ வேறு குறைபாடோ இருக்கிறது என்பதற்காக யாருக்கும் வாரிசுரிமை இல்லாமல் போகாது என்கிறது அது. அம்மா முன்பே போய்விட்டார். ஆக, அப்பா உயிலே எழுதாமல் இருந்திருந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த அந்த வீட்டில் தம்பிக்கு மூன்றில் ஒரு பங்கு தானாகவே வந்திருக்கும். தம்பிக்குப் பாதுகாப்பு என்று நினைத்து அப்பா எழுதிய உயில்தான் அந்தப் பங்கை எடுத்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

"பராமரிக்க வேண்டியது என்று எழுதியிருக்கிறதே, வழக்குப் போடலாமே" என்பீர்கள். அந்த வரிக்கு நீதிமன்றம் என்ன பொருள் கொள்ளும் என்பது இருக்கட்டும். யார் போடுவது? தம்பியா வக்காலத்தில் கையெழுத்துப் போடுவான்? நான் போட வேண்டும், அண்ணி மேல்.

சரி, தம்பி பெயருக்கே நேராக எழுதிவிட்டால்? பங்கு அவனுக்கு வரும். ஆனால் அதை அவனால் வாடகைக்கு விட முடியாது, விற்க முடியாது. ஒப்பந்தம் செய்கிறவர் அதன் நன்மை தீமையைப் புரிந்து முடிவெடுக்கக் கூடியவராக இருக்க வேண்டும் என்று 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. எனவே ஒரு காப்பாளர் வேண்டும். 18 வயது முடிந்துவிட்டால் பெற்றவர்கள்கூடத் தானாகக் காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். இது பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, கலெக்டர் உள்ள உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுத்து ஆணை வாங்க வேண்டும். நான் அப்படித்தான் வாங்கினேன். ஆணை வந்த ஆறு மாதத்துக்குள் அவனுடைய சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும். தவறாக நடந்தால் காப்பாளரை நீக்கவும் முடியும். உயிலில் ஒருவரைக் காப்பாளர் என்று எழுதினால் அது பெற்றவரின் விருப்பத்தைச் சொல்லும், நியமிப்பது குழுதான். தம்பிக்குச் சொத்து இல்லாததால் என் பட்டியலில் ஒரு வங்கிக் கணக்கும், மாதம் 2,000 ரூபாய் அரசு உதவித்தொகையும்தான் இருந்தன.

இன்னொரு வழி டிரஸ்ட். டிரஸ்ட் என்றதும் கோயிலும் கல்லூரியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரே ஒரு ஆளின் நலனுக்காகவும் 1882-ஆம் வருடத்துச் சட்டப்படி டிரஸ்ட் வைக்கலாம். உயிலிலேயே அதை ஏற்படுத்தலாம்; அப்பாவின் காலத்துக்குப் பிறகு அது நடைமுறைக்கு வரும், அவர் இருக்கும்வரை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். சொத்து டிரஸ்டிகள் பெயரில் நிற்கும், ஆனால் அது அவர்களுடைய சொத்து இல்லை. அவர்களில் ஒருவர் இறந்தால் அவருடைய மனைவி மக்களுக்குப் போகாது. அவருடைய சொந்தக் கடனுக்கும் போகாது. அண்ணன் எங்கள் வீட்டை டிரஸ்டியாக வைத்திருந்தால் தம்பி இன்று அவன் பிறந்த வீட்டில் இருந்திருப்பான்.

அதற்கு நீங்கள் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கும். டிரஸ்டி ஒருவர் போதாது. இரண்டு மூன்று பேர், அதில் ஒருவராவது குடும்பத்துக்கு வெளியே. அவர்களுக்குப் பிறகு யார்? வீட்டை விற்கலாமா, எப்போது? மாதச் செலவுக்கு எவ்வளவு? பிள்ளையின் காலத்துக்குப் பிறகு மிச்சம் யாருக்கு? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க எல்லோருக்கும் வாய் வராது. கேளுங்கள். எதிரில் இருப்பவர் ஓய்வூதியம் வாங்கும் அரசு ஊழியர் என்றால், இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆயுள்வரை குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி இருக்கிறது என்பதையும், அதற்கான காகிதங்களை அவர் இருக்கும்போதே சரிசெய்ய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

இது வக்கீல் வேலை என்று தோன்றினால் அதில் தவறே இல்லை. "இதை நான் எழுத மாட்டேன், டிரஸ்ட் தெரிந்த வக்கீலைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக் கொடுத்து விடாதீர்கள். "புத்தி சுவாதீனமில்லாத" என்றும் எழுத வேண்டாம். அறிவுசார் மாற்றுத்திறனாளி என்று எழுதி, அவருடைய அடையாள அட்டை எண்ணைப் போட்டால் போதும். என் தம்பிக்குத் தன் பெயரை வாசிக்கத் தெரியும்.

போன மாதம் என் உயிலை எழுதப் போயிருந்தேன். எனக்கு ஒரு சிறிய வீடும் கொஞ்சம் நகையும் இருக்கின்றன. எழுத்தர் தம்பியின் வயதைக் கேட்டுவிட்டு, "எனது மகள் அவரைப் பராமரித்து வர" என்று டைப் அடிக்கத் தொடங்கினார். வேண்டாம் ஐயா என்று நிறுத்தினேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "அப்படின்னா எப்படிம்மா எழுதுறது?" என்று கேட்டார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினோம், டீ சொன்னார். அன்று உயில் முடியவில்லை. டிரஸ்ட் பத்தியை ஒரு வக்கீல் பார்த்துக் கொடுத்த பிறகு, அடுத்த வாரம் இரண்டு சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போட்டேன். தம்பியின் மாத்திரை விவரம், டவரா, வெடிச் சத்தத்துக்குப் பயப்படுவது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி டிரஸ்டிகளிடம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பத்தியின் நகல் ஒன்றை எழுத்தரும் கேட்டு வாங்கி, தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
தம்பியின் அக்கா