வறட்சிக் கணக்கெடுப்பில் வீடுகளையும் சேருங்கள்

தமிழ்நாடு அரசின் வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்ததை அடுத்து, 2017 ஜனவரியில் மாநிலம் வறட்சியால் பாதிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணமும் வழங்கியது. அந்தத் தொகை யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே இம்மடலின் கேள்வி.

நில உரிமை காட்டும் பட்டாவையும், ஊரின் பயிர்க் கணக்கான அடங்கலையும் பார்த்துப் பட்டியல் எழுதும்போது, வாய்மொழிக் குத்தகைக்கோ, விளைச்சலைப் பங்கிடும் வாரத்துக்கோ பயிரிட்டவரின் பெயர் அதில் ஏறுவது அரிது. விதைக்கும் உரத்துக்கும் கடன்பட்டவர் அவரே. குத்தகை உரிமையைப் பதிவுசெய்ய 1969 முதல் சட்டம் இருந்தும், நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று அஞ்சும் உரிமையாளர்கள் அதற்கு இணங்குவதில்லை. நடவும் களையெடுப்பும் நின்றுபோன கூலிப் பெண்களுக்கோ சேதமாவதற்குச் சொந்தப் பயிரே இல்லை. ஆகவே பயிர்ச்சேதக் கணக்கில் அவர்கள் இல்லவே இல்லை. ஆனால் வறட்சிக் காலத்தில் உயிர்காப்பது கூலிதான். 1970–73 மராட்டிய வறட்சியில் விளைச்சல் அடியோடு சரிந்தும் பெரும்பஞ்சம் மூளாததற்கு, 1973 மே மாதத்தில் ஏறத்தாழ 50 லட்சம் பேருக்கு வேலை தந்த நிவாரணப் பணிகள் முக்கியக் காரணம்.

நடுவண் அரசின் 2016ஆம் ஆண்டு வறட்சி மேலாண்மைக் கையேடு, மழையளவு, மண் ஈரம், நீர்த்தேக்க இருப்பு, செயற்கைக்கோள் காட்டும் பயிர்நிலை ஆகியவற்றைப் பார்த்தபின் 10 விழுக்காடு கிராமங்களில் நேரடிக் கள ஆய்வு செய்யச் சொல்கிறது. வயலைப் பார்க்க அலுவலர்கள் எப்படியும் அவ்வூர்களுக்குப் போகிறார்கள். அதே ஊர்களில் சில வீடுகளையும் தேர்ந்து, வேலை தேடி வெளியேறியவர் யார், ஆடுமாடு என்ன விலைக்குப் போயிற்று, நகை எந்த வட்டிக்கு அடகில் இருக்கிறது, குடிநீருக்காக யார் எவ்வளவு நேரம் நடக்கிறார், எந்தப் பிள்ளையின் படிப்பு நின்றது என்று கேட்கலாமே.

இதைக் கேட்பதற்கும் பயிற்சி வேண்டும். நிலக்காரர் திண்ணையில் கூட்டம் போட்டால் குத்தகைதாரர் வாய் திறக்கமாட்டார். ஊர்ப் பெரியவரிடம் மட்டும் விசாரித்தால் காலனியின் வறண்ட அடிகுழாய் கணக்கில் வராது. சமூக அறிவியலாளர்களின் உதவி இங்கேதான் தேவைப்படுகிறது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் காந்திகிராமப் பல்கலைக்கழகமும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. வறட்சி வந்தபின் அவசரமாக ஆள் தேடாமல், வினாப்படிவத்தையும் கள ஆய்வாளர்களையும் இப்போதே அவர்களோடு சேர்ந்து ஆயத்தப்படுத்தி வைக்கவும், நிவாரணப் பட்டியலை முடிவுசெய்யும் முன் ஆய்வு முடிவுகளை அந்தந்த ஊர்க் கிராம சபையில் வாசிக்கவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊரக ஆய்வில் ஈடுபட்டுள்ள ஒருவர்