டங்ஸ்டனை முதலில் சயனைடு மேட்டில் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆந்திராவின் குப்பத்திலிருந்து எழுதுகிறேன். டங்ஸ்டன் என்கிற கடினமான உலோகம் என்றாலே நம் பத்திரிகைகளுக்கு மேலூர் நாயக்கர்பட்டிதான் ஞாபகம் வருகிறது. தப்பில்லை, ஊரே திரண்டு நின்று 2025 ஜனவரியில் அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலத்தை ரத்து செய்ய வைத்தது சின்ன விஷயமா? ஆனால் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற கோலார் தங்கவயல் பாறையிலும் டங்ஸ்டன் தாது உண்டு, ஷீலைட் என்பார்கள். அதைப் பற்றி ஒரு வரி எழுதக் காணோம்.

என் அப்பா தங்கவயலில் தாதுக் கல்லை அரைக்கும் மில்லில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த கல் ஒன்று இன்னும் வீட்டில் கிடக்கிறது (தங்கம் இல்லை, அதனால் கேட்டில் சோதனை போட்டவர்கள் விட்டுவிட்டார்களாம்). அழுக்கு வெள்ளையில் வெங்கச்சங்கல் மாதிரிதான் இருக்கும், கையில் எடுத்தால்தான் கனம் தெரியும். கள்ளநோட்டு பார்க்கிற லைட்டை அடித்துப் பார்த்தேன், ஒன்றும் காணோம். அப்புறம் ஜியாலஜி படிக்கும் என் பேரன் ஷார்ட்வேவ் புற ஊதா விளக்கு கொண்டுவந்து, அறையை இருட்டாக்கிக் காட்டினான். ஓரத்தில் கோடு போட்ட மாதிரி வெளிர்நீலமாக எரிந்தது. அதுதான் ஷீலைட்.

உலக டங்ஸ்டனில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவில்தான் எடுக்கிறார்கள், 2025 பிப்ரவரியில் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடும் போட்டுவிட்டார்கள். இனி இந்தப் பக்கமும் துளை போட வருவார்கள். வரட்டும். ஆனால் பிசாநத்தம், சிகரகுண்டா பக்கத்து வயல்களில் போர் இறக்குவதற்கு முன்னால், 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியதிலிருந்து சும்மா கிடக்கும் சயனைடு மேடுகளில் மாதிரி எடுங்கள். நூறு வருடத்துக்கு மேல் வெட்டி, அரைத்து, சயனைடு போட்டுத் தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிய மண் அது. வெட்டுகிற செலவும் அரைக்கிற செலவும் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

சுலபமான வேலை என்று சொல்லவில்லை. ஷீலைட் எளிதில் நொறுங்கும், மில்லில் மாவாகிப் போனதை வெறும் தண்ணீரில் அலசிப் பிரிக்க முடியாது, ரசாயனம் போட்டு நுரையில் மிதக்கவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், மேட்டைக் கிளறினால் தூசிக்கு என்ன ஏற்பாடு என்பதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். ஆடிக் காற்றில் கொடியில் காயும் துணியெல்லாம் வெளுத்துப்போவதை தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மேட்டைத் தொடாமல் இருக்கும்போதே அந்தக் கதி.

மாதிரியில் எத்தனை சதவீதம் கிடைத்தது என்பதை தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். ஏலம் எல்லாம் அதற்கு அப்புறம்.

இப்படிக்கு,
தங்கவயல் தொழிலாளி ஒருவரின் மகன்,
குப்பம்