அண்ணனுக்கு, நான் போனை எடுக்காதது பற்றி

அண்ணே,

2025 ஏப்ரல் 7 காலையில் நீ கூப்பிட்டபோதெல்லாம் போன் என் கையில்தான் இருந்தது. டிரம்ப் வரியில் பங்குச் சந்தை விழுகிறது, இப்போது வாங்கலாமா என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. இனி இந்த மாதிரி நாட்களில் எடுக்கப் போவதுமில்லை. நம் சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் தொகை எதையும் சொல்லவில்லை.

2020 மார்ச் 23. சந்தைக் குறியீடான நிஃப்டி பத்து சதவீதம் விழுந்து, சந்தையை நிறுத்திவைக்கும் சர்க்யூட் அடித்து, வர்த்தகம் 45 நிமிஷம் நின்றது. அவ்வளவு நேரமும் நீ லைனில் இருந்தாய். முந்தின நாள்தான் கொரோனாவுக்காக வாசலில் நின்று தட்டைத் தட்டியிருந்தோம். "தொடாதே, நிஃப்டி ஐயாயிரத்துக்கு வரும்" என்றாய். உன் பின்னால் அண்ணி, கடை வாடகைக்கு என்ன செய்வது என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். "சரிண்ணே" என்று வைத்தேன். சந்தை திறந்ததும், நிஃப்டியோடு ஏறி இறங்கும் ஃபண்டான நிஃப்டி பீஸ் வாங்கினேன்.

அன்று நிஃப்டி 7,610-ல் முடிந்தது. மறுநாள் 7,511 வரை போனது, அதோடு சரி. நவம்பரில் பழைய உச்சம் 12,430-ஐத் தாண்டிவிட்டது. நான் அன்று வாங்கியதை அத்தை தைரியம் என்று ஊரெல்லாம் சொல்கிறார். ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறவளுக்கு என்ன தைரியம் வேண்டியிருக்கிறது?

உன் கணக்கில் தப்பில்லை. 2008 ஜனவரி 22-லும் இதே சர்க்யூட்தான். அன்று பயப்படாமல் வாங்கியவன் நீ. 21,000-ஐத் தொட்டிருந்த இன்னொரு குறியீடான சென்செக்ஸ் அக்டோபரில் 8,000-க்குக் கீழே போயிற்று. நூற்றுக்கு அறுபது போனதைப் பார்த்தவன், 12,430-லும் அறுபது போகும் என்று ஐயாயிரத்துக்குக் காத்திருந்தாய். நீ 2008-ல் செய்ததைத்தான் நான் 2020-ல் செய்தேன். உனக்கு ஒன்பது மாதம் விழுந்தது, எனக்கு ஒரு நாள்.

ஆனால், "என்கிட்டயே கத்துக்கிட்டு என்கிட்டயே மறைச்சுட்டா" என்று அண்ணியிடம் சொன்னாயாமே. மறைத்தேன்தான். சொல்லியிருந்தால் நீயும் வாங்கியிருப்பாய். அதற்குமேல் விழுந்திருந்தால், வாடகைப் பணம் போன பழி யார் தலையில்? மன்னித்துக்கொள். இல்லை, மன்னிக்க என்ன இருக்கிறது? என் சம்பளம், பங்குகளை வைத்திருக்கும் என் டீமேட் கணக்கு.

அந்த டீமேட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது நீ. கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் இன்ட்டு மார்க் போட்டுக் கொடுத்தாய். வேறெங்காவது போட்டுவிடுவேனோ என்று பக்கத்திலேயே நின்றாய். அத்தை இதைச் சொல்வதில்லை, நானும் சொன்னதில்லை.

வாடகை, பையன் ஃபீஸ் எல்லாம் போக, பல வருஷம் தொடாமல் கிடக்கும் பணமாக இருந்தால், விழும்போது தவணை தவணையாக வாங்கு. அடிமட்டம் எது என்று மட்டும் என்னிடம் கேட்காதே. நான் வாங்கிய அன்றுகூட அதற்கு அடுத்த நாள்தான் அடிமட்டம்.

தீபாவளிக்கு வருகிறோம். அண்ணியிடம் சொன்னதை அதற்குள் நீயே மாற்றிச் சொல்லிவிடு. தீபாவளியன்று சந்தை கொஞ்ச நேரம் திறக்கும் அந்த முகூர்த்த டிரேடிங் நேரத்தில் டிவி போடக்கூடாது.