குண்டூசிக்கு, ஐந்தாம் வருடச் சம்பளம் பற்றி

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
ஞாயிறு இரவு

அடியே குண்டூசி,

தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மா எப்படி இருக்கிறார்கள்? முட்டி வலியோடு இந்தத் தைப்பூசத்துக்கும் தண்ணீர்மலைப் படி ஏறினார்களாம், வாத்தியாரம்மா சொன்னாள். கொஞ்சம் அதட்டி வை.

நீ அனுப்பிய அமெரிக்க ஆஃபர் தாள்களை மூன்று முறை படித்துவிட்டேன். கால்நடைக் கிளினிக்கல் பெத்தாலஜி ரெசிடென்சி, அதாவது விலங்குகளின் இரத்தத்தையும் செல்களையும் பார்த்து நோய் கண்டுபிடிக்கும் மருத்துவமனைப் பயிற்சி, அது மட்டும் என்றால் மூன்று வருடம். பிஎச்டியும் சேர்ந்தால் ஐந்து, ஆறு என்று நீளும். "ஒரே கல்லில் இரண்டு மாங்காய்" என்று எழுதியிருக்கிறாய். மாங்காய் விழும், சந்தேகமில்லை. கல்லெறிகிற கைக்கு ஆறாம் வருடம் வரை சோறு போடுவது யார் என்றுதான் அந்தத் தாள்களில் ஒரு வரியையும் காணோம்.

ரெசிடென்சி வருடங்களில் மருத்துவமனை சம்பளம் தரும், அது எழுதியிருக்கிறது. ஆராய்ச்சி வருடங்களுக்கு "தகுந்த நிதி தேடப்படும்" என்கிறார்கள். அங்கே பல இடங்களில் அந்தப் பணம் அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.எச்சின் டி32 பயிற்சி மானியத்திலிருந்து வருவது. அது அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ளவர்களுக்கு மட்டும். நம் மலேசியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அதன் பக்கமே போக முடியாது. அப்படியானால் சூப்பர்வைசரின் சொந்த மானியம்தான் கதி. அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இன்று ஓடிக்கொண்டிருக்கும் ஐந்தாண்டு மானியம், நீ மூன்று வருடம் ஸ்லைடு பார்த்துவிட்டு லேபுக்குள் நுழையும்போது முடிந்திருக்கும். நாலாம், ஐந்தாம் வருடச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து, அந்தக் கணக்கு எந்தத் தேதி வரை, பிஎச்டிக் கட்டணம் தள்ளுபடியா, விசா எந்த வகை, நடுவில் அது மாறுமா, எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேள். தொலைபேசியில் "கவலைப்படாதே" என்றால் அதுதான் கவலைப்பட வேண்டிய இடம்.

அடுத்தது வரிசை. டியூட்டியும் ஆராய்ச்சியும் வாரம் மாற்றி வாரம் என்று அவர்கள் போட்டிருக்கும் அட்டவணை பார்க்க அழகு. லேபில் வளர்க்கும் செல் கல்ச்சருக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தீனி மாற்ற வேண்டும். அது உன் டியூட்டி வாரம் முடியட்டும் என்று காத்திருக்காது. முதல் மூன்று வருடமும் ஸ்லைடு, பிறகு லேப் என்று பிரித்துத் தரச் சொல். ஏசிவிபி (அமெரிக்கக் கால்நடை நோயியல் வல்லுநர் அமைப்பு) போர்டு தேர்வின் முதல் கட்டமான பொது நோயியலைப் பயிற்சிக் காலத்திலேயே முடித்துவிடு. செல்லியல், இரத்தவியல், வேதியியல் எல்லாம் வரும் இரண்டாம் கட்டத்தை மூன்றாம் வருடம் முடிந்த சூட்டோடு எழுது. தள்ளிப்போட்டால் கண் மறந்துவிடும் குண்டூசி. எதிர்வினையால் மாறிய லிம்போசைட் வெள்ளணுவா, அதன் புற்றான லிம்போமாவா என்று தயங்கும் இடத்தில் தினமும் பார்த்த பழக்கம்தான் கைகொடுக்கும். லேப் வருடங்களிலும் மாதத்துக்கு ஓரிரு நாள் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வழி இருக்கிறதா என்று கேட்டு வை.

ஸ்லைடு பக்கத்துக்கு ஒரு தலைவர், ஆராய்ச்சிக்கு இன்னொருவர். ஒரே உறையில் இரண்டு கத்தி. ஒரு ரெசிடென்ட் விலகிப் போனால் அந்த டியூட்டி யார் தலையில் விழும்? உன் ஆராய்ச்சி வாரத்தின் தலையில்தான். இதைத் தலைவர்களிடம் கேட்டுப் பயனில்லை. இப்போது அங்கே படிப்பவர்களிடம் கேள்: சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டையும் முடித்தார்கள், எத்தனை பேர் போர்டு மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்?

இப்போது உன் பூனை யோசனை. சூப்பர்வைசரின் எலிகளை விட இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. உடம்பில் அழற்சி இருந்தால் இரத்தத்தில் ஏறும் புரதம், நாய்க்கு சி.ஆர்.பி. போல பூனைக்கு சீரம் அமிலாய்டு ஏ. மருத்துவமனையில் மிஞ்சும் சீரத்திலேயே (செல் நீக்கிய இரத்தத் தெளிநீர்) அதை அளந்து செய்யலாம், அலைச்சல் குறைவு. ஆனால் மிஞ்சிய சீரம் என்றால் இலவசம் என்று நினைக்காதே. லேப் அதைச் சில நாளில் கொட்டிவிடும், ஆகவே சேர்ந்த முதல் மாதமே எடுத்துவைக்கத் தொடங்கு. 200 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80இல் வை. ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் வரும் அளவை நம்ப முடியாது. இரத்தம் எடுத்த நேரமும் சீரம் பிரித்த நேரமும் தவறாமல் குறி. செல்களோடு விட்டுவைத்தால் குளுக்கோஸ் மணிக்கு 5 முதல் 10 சதவீதம் இறங்குகிறது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் என்று எந்த தைரியத்தில் சொல்வாய்? சீரம் சிவந்திருந்தாலும் பால்போல் கலங்கியிருந்தாலும் அதையும் எழுதி வை. மிச்சத்தைப் பயன்படுத்த உரிமையாளரின் சம்மதம் மருத்துவமனைப் படிவத்திலேயே இருக்கிறதா என்று முதலில் பார்.

பிறகு முறையைச் சரிபார்த்தல். ஒரே மாதிரியை ஒரே ஓட்டத்தில் 20 முறை, பிறகு அளவு தெரிந்த கன்ட்ரோலை 20 நாள். இன்னொரு முறையோடு ஒப்பிட, தாழ்விலிருந்து உச்சம் வரை பரவிய 40 மாதிரிகளாவது வேண்டும். ரெஃபரன்ஸ் இடைவெளியை, அதாவது இயல்பான அளவின் மேல், கீழ் எல்லையை, நீயே கட்டுவதென்றால் 120 ஆரோக்கியமான பூனைகள்! மிச்ச சீரம் வருவதெல்லாம் நோயாளிகளிடமிருந்து. இரத்ததானப் பூனை, ஊழியர்களின் பூனை, கருத்தடைக்கு வரும் பூனை என்று தேடி அலைய வேண்டியிருக்கும். ஏற்கெனவே உள்ள இடைவெளியை ஏற்பதென்றால் 20 பூனை போதும். இரண்டுக்கு மேல் வெளியே விழாவிட்டால் சரி.

எல்லாவற்றையும் கவிழ்ப்பது ஒன்று உண்டு. நடுவில் லேப் அனலைசர் கருவியை மாற்றிவிடுவது! அதற்கு முந்தைய எண்ணும் பிந்தைய எண்ணும் ஒட்டாது. குத்தகை எப்போது முடிகிறது என்று கேள். மாற்றப் போகிறார்கள் என்றால் பழையது வெளியேறும் முன் 40 மாதிரியை இரண்டிலும் ஓட்டிவிடு.

இவ்வளவு எழுதிய பிறகு ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. உனக்கு நிஜமாகவே பிஎச்டி வேண்டுமா? பேராசிரியர் வேலைக்கும் மருந்து நிறுவன ஆராய்ச்சிக்கும் அது வேண்டும். பினாங்கு திரும்பி ஒரு நல்ல லேப் நடத்துவதுதான் கனவென்றால், மூன்று வருட ரெசிடென்சியோடு மாஸ்டர்ஸ் போதும். இந்தப் பூனை வேலை அதற்குள் அடங்கும். காகிதப் படிப்பெல்லாம் வேண்டாம் என்று சத்தியம் செய்தவள் நீ, சாட்சிக்கு மொட்டை இருக்கிறான்.

அடுத்த மாதம் ஈடிஎஸ் ரயில் ஏறி பட்டர்வொர்த் வருகிறேன், ஃபெரி முனையில் நில். அதற்குள் நீ அனுப்பப் போகும் அந்த மாஸ்ட் செல் ஸ்லைடுகளில் இரண்டைச் சாயமேற்றாமல் வை, டிஃப்-குவிக் சாயத்தில் சில நேரம் அந்த செல்லின் துகள்கள் தெரியாது, நான் ரைட்-ஜீம்சா சாயத்தில் போடுகிறேன். போன தடவை போல ஃபார்மலின் பாட்டிலோடு ஒரே பெட்டியில் அடைத்துவிடாதே தாயே. அந்த ஆவி பட்ட ஸ்மியரில் நீலத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

உன்,
ஒல்லி