கேரவன் கழிவுநீர்த் தொட்டியின் விரிசல்: தவறான பழுதுபார்ப்பு குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் கேரவனை வாங்கி 2 ஆண்டுகள் ஆகின்றன. பாத்திரம் கழுவும் நீரும் குளியல் நீரும் சேரும் பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் விரிசல் கண்டதால், உங்கள் பழுதுபார்ப்பு நிலையத்தில் வண்டியை விட்டேன். 6 நாட்கள் வைத்திருந்து, "இனி ஒரு சொட்டுக்கூடக் கசியாது" என்று உறுதி சொல்லித் திருப்பித் தந்தார்கள். அதன் பிறகு சென்ற மூன்றாவது பயணத்திலேயே கசிந்துவிட்டது. பிள்ளைகள் படுக்கும் கட்டிலுக்கு நேர் கீழே இருக்கிறது அந்தத் தொட்டி. நள்ளிரவில் நாற்றம் தாங்காமல் அவர்களை எழுப்பி வெளியே உட்கார வைத்தோம்.

விடிந்ததும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். விரிசலின் மேல் எப்பாக்சி என்ற பிசின் பசையைப் பூசி ஒரு ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஓரத்தை நகத்தால் நெம்பியதுமே அது முழுதாகக் கையோடு வந்துவிட்டது. அதன் பின்பக்கம் கண்ணாடி போல் வழவழப்பாக இருந்தது. தொட்டியின் பிளாஸ்டிக் ஒரு துணுக்குக்கூட அதில் ஒட்டியிருக்கவில்லை. ஒட்டு இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, முக்கோணத்துக்குள் 2 என்ற எண் தொட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் வகைக்கான குறி அது. தொட்டியைச் செய்து விற்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது. ஏ.பி.எஸ். என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் என்றால் அதற்குரிய கரைப்பான் பசை மேற்பரப்பை இளக்கிப் பிணைத்துவிடும். பாலிஎத்திலீனில் அது நடக்காது. சாதாரண எப்பாக்சியும் அதன்மேல் நிலைக்காது. அதே பாலிஎத்திலீன் கம்பியைச் சூடான காற்றால் உருக்கி வெல்டிங் செய்வதுதான் முறை. அதற்கு முன் விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளை இட வேண்டும். இல்லாவிட்டால் அது மேலும் ஓடும். உங்கள் ஆட்கள் துளை இடவில்லை. விரல் நீளம் இருந்த விரிசல் இப்போது ஒரு சாணுக்கு மேல் போய்விட்டது.

வண்டியை மீண்டும் கொண்டுபோனபோது, நிறைந்த தொட்டியுடன் ஓட்டியது என் தவறு என்றும், அதனால் உத்தரவாதம் செல்லாது என்றும் எழுதிக் கொடுத்தார்கள். இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியாது. கழிவுநீரைக் கண்ட இடத்தில் திறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே அந்தத் தொட்டி? முறையாக வெளியேற்றும் இடம் வரும்வரை அதைச் சுமந்துதான் ஓட்டியாக வேண்டும். நிறைந்த தொட்டியுடன் ஓட்டக் கூடாது என்று உங்கள் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

உண்மையான காரணம் தொட்டியைத் தாங்கும் விதத்தில் இருக்கிறது. 150 லிட்டர் தொட்டி நிறைந்தால் நீரின் எடை மட்டுமே 150 கிலோ. அவ்வளவையும் இரண்டு இரும்புப் பட்டைகளில் தொங்கவிட்டிருக்கிறீர்கள். நடுவில் எந்தத் தாங்கலும் இல்லை. ஒவ்வொரு குழியிலும் நீர் அலைமோத, தொட்டி பட்டையின் விளிம்பில் மடிந்து மடிந்து நிமிர்கிறது. விரிசல் தொடங்கியிருப்பதும் மிகச் சரியாக அந்த விளிம்பில்தான். இதைச் சரிசெய்யாமல் புதுத் தொட்டி பொருத்தினாலும் அதுவும் அங்கேயே கிழியும்.

ஆகவே, தொட்டியைக் கட்டணமின்றி மாற்றித் தந்து, அடிப்பகுதி முழுவதையும் தாங்கும் தட்டு ஒன்றையும் பொருத்தித் தர வேண்டும். முதல் பழுதுபார்ப்புக்கு வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டும். இதே அமைப்பில் தொட்டி உள்ள மற்ற வண்டிகளின் உரிமையாளர்களுக்கும் தகவல் தெரிவியுங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கட்டிலில்தான் படுக்கிறார்கள். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.

புகைப்படங்களையும் ரசீதின் நகலையும் இணைத்துள்ளேன். பெயர்ந்து வந்த ஒட்டையும் ஓர் உறையில் வைத்திருக்கிறேன். அதன் பின்பக்கத்தை உங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்